சந்தியில் மாற்றும் சப்பாத்து

“அங்கிள், இது கறுப்புல இருக்கா?”

யுகேஷ் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது. கேட்ட பையனுக்குப் பதினேழு வயதிருக்கும். ஒற்றைச் சப்பாத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக யுகேஷின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். கறுப்பு இல்லை என்றதும், “பரவால்ல அங்கிள்” என்று அங்கிளை இன்னொரு முறையும் சொல்லிவிட்டு, சப்பாத்தைத் தட்டில் வைத்து, போனைப் பார்த்தபடியே படியிறங்கிப் போய்விட்டான்.

காசு மேசையில் இருந்த றம்லத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடையில் எல்லோரும் அவளைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் வீட்டு முறையில் தாத்தா என்றால் அக்கா.

“பதினெட்டு வருசமா இந்தக் கடையில ஈக்கேன். என்னைய ஒருத்தரும் இன்னம் அன்ட்டி எண்டு கூப்புட்டதில்ல. நீங்க வந்து நாலு மாசத்துல அங்கிள் ஆயிட்டீங்க. ஹாஜியார்ட்ட செல்லவா? இளம் ஆக்களப் புடிச்சுத் தரச்சொல்லி வெச்ச மனிசன் கெழவனாப் பெய்த்தாரெண்டு?”

“சொல்லிராதீங்க தாத்தா. கடிதம் இன்னம் கைக்கு வரல்ல.”

கடிதம் என்றால் நிரந்தர நியமனக் கடிதம். கண்டி நகரின் கொழும்பு வீதியில் இருந்த அந்தச் சப்பாத்துக் கடையில் அவனுடைய பதவிக்கு ‘சந்தைப்படுத்தல் அலுவலர்’ என்று பெயர். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் இளம் பிள்ளைகளைக் கடைக்குள் வரவைக்க வேண்டும். வந்தால் கடிதம். வராவிட்டால் ஸலாம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கடையின் சொந்தக்காரர் சாஹுல் ஹமீது ஹாஜியார் இதை ஒளிக்காமல் முதல் நாளே சொல்லியிருந்தார்.

கலஹாவுக்கு மேலே, தெல்தோட்டைப் பக்கமாகப் போகும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவன் யுகேஷ். அந்த லயத்திலிருந்து கம்பஸுக்குப் போன முதல் ஆள். முகாமைத்துவத்தில் பட்டம். பட்டமளிப்பு அன்று எடுத்த படம் வீட்டு அலுமாரிக்கு மேலே கண்ணாடி போட்டு நிற்கிறது. அந்தப் படத்துக்குக் கீழே இரண்டு வருடங்கள் அரச நியமனம் வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தான். வரவில்லை. அம்மா சீதா இன்னமும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வருடம் தொடங்கியதும், யார் என்ன வேலை தந்தாலும் சரி என்று கண்டிக்கு இறங்கினான். ஹாஜியார் கூப்பிட்டார்.

“எங்க வாப்பா காலத்துல தொடங்கின கட, மகன். தாய் தகப்பன் வாராங்க. பிள்ளைகளக் கூட்டிக்கொண்டு வாராங்க. பதினஞ்சு வயசு வரைக்கும் வாராங்க. பொறகு அந்தப் பிள்ளைகள் எங்க போறாங்கண்டு எனக்கு வெளங்குதில்ல. நீங்க படிச்ச ஆள். நீங்களும் இளம் ஆள். கண்டுபுடிச்சித் தாங்க.”

யுகேஷ் ராத்திரி பகலாக ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துப் பதினாலு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினான். இளம் தலைமுறைக்கு விளம்பரம் பிடிக்காது, உண்மைதான் பிடிக்கும். அவர்கள் பொருளை வாங்குவதில்லை, ஒரு கதையை வாங்குகிறார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. ஹாஜியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக வாசித்தார்.

“அப்ப நாங்க இவ்வளவு காலமும் பொய்யா வித்தோம்?”

“அப்படி இல்ல ஹாஜியார்...”

“சரி சரி. உண்மையக் காட்டத்தானே செல்லுறீங்க. காட்டுங்க.”

காட்டுவது அவ்வளவு இலேசாக இல்லை. கம்பஸ் தம்பி ஒருவனைப் பிடித்துக் கடைவாசலில் ஆடவைத்துப் படம் எடுத்தான். நாற்பத்து மூன்று பேர் பார்த்தார்கள். அதில் பாதி றம்லத் வீட்டுச் சனம். டியூஷன் வகுப்புகளின் வாசல்களில் “ப்ரோ, ஸ்டைலா நட!” என்று போஸ்டர் ஒட்டினான். மறுநாள் ஒன்றின் மேல் யாரோ பேனையால் “அங்கிள் வந்துட்டார்” என்று எழுதி, அதைப் படமெடுத்தும் போட்டிருந்தார்கள். ஒரு சோடிக்கு இரண்டு நிற லேஸ் இலவசம் என்று அறிவித்தான். லேஸைக் கேட்டு வந்தவர்களில் சப்பாத்து வாங்கியவர்கள் எல்லோரும் தகப்பன்மார். ஒவ்வொரு முறையும் மேல்மாடியில் சப்பாத்துப் பெட்டிகளுக்கு நடுவே இருந்த தன் கதிரைக்குத் திரும்பும்போது, படித்தது எல்லாம் வேறு யாரோ ஓர் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி என்று அவனுக்குத் தோன்றும். சாயங்காலம் குட்ஷெட் பஸ் நிலையத்தில் கலஹா பஸ்ஸுக்கு நிற்கும்போது கால்கள் கழன்று விழுவது போல இருக்கும்.

கடைவாசலில் மட்டும் எதுவும் மாறவில்லை. ஹாஜியார் தினமும் காலையில் வாசலருகில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம் எது என்று அவருக்குத் தூரத்திலேயே தெரியும். படியில் கால் வைத்ததுமே கேட்பார்.

“வாங்க, வாங்க. எந்தத் தோட்டம்?”

பெயரைச் சொன்னால் போதும். “மேல் டிவிசனா, கீழ் டிவிசனா? அந்தப் பாலத்தக் கட்டிட்டாங்களா? கோயில் தேர் இந்த முற எப்ப?” என்று அடுக்கிக்கொண்டே போவார். வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும் குரல். வந்தவர்களின் முகம் மலரும். அம்மா சீதாவே இந்தக் கடைக்குத்தான் வருவாள். “மத்த கடையில நம்மள நிக்கவச்சிட்டு, பொறகு வந்தவங்களுக்கு எடுத்துப் போடுவாங்க. ஹாஜியார்தான் கதிரையப் போட்டு, எங்கேர்ந்து வாறோம்னு கேட்ட மொத ஆளு” என்பாள். யுகேஷின் முதல் சப்பாத்தும் அங்கே வாங்கியதுதான். அந்தக் கேள்வி அவன் காதுக்குப் பழகிப்போன ஒன்று. மின்விசிறிச் சத்தம் மாதிரி.

ஐந்தாம் மாதம் முடியும் நேரம். ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணி. இரவு முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது.

தோட்டத்திலிருந்து பெரிய வீதிக்கு வர ஒரு மைல் மண்பாதை. மழை பெய்தால் செம்மண் குழம்பாகிவிடும். அதனால் வெளியூர் போகிறவர்கள் ரப்பர் செருப்போடு இறங்கி வருவார்கள். நல்ல சப்பாத்து பைக்குள் இருக்கும். சந்தியில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. அதன் பக்கச் சுவரோடு ஒரு பலகை. அந்தப் பலகையில் குந்தி, கடைக்காரர் வைத்திருக்கும் பீப்பாய்த் தண்ணீரில் காலைக் கழுவி, துணியால் துடைத்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். கழற்றிய செருப்புகள் பலகைக்குக் கீழே வரிசையாகச் சாயங்காலம் வரை கிடக்கும். ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. யுகேஷ் பள்ளிக்கூடம் போன காலத்திலும் இப்படித்தான். இப்போது வேலைக்குப் போகும்போதும் அவன் அங்கேதான் மாற்றுகிறான்.

அன்று அவன் கொஞ்சம் முந்தி வந்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கடைக்குள் பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றான். ஏ.எல். உயர்தரப் பரீட்சைக்குப் படித்து, கண்டிக்கு டியூஷன் போகும் பிள்ளைகள் ஆறு பேர் இறங்கி வந்தார்கள். அதில் ஒருத்தி அவன் தங்கை சஞ்சீவனி. கடைக்குள் அவன் நிற்பதை யாரும் கவனிக்கவில்லை. சேற்றில் ஊறிய ஆறு சோடிக் கால்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் கழன்று ஓடி, விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஹாஜியார் கடையின் மஞ்சள் நிறப் பைகளுக்குள்ளிருந்து வெள்ளைச் சப்பாத்துகள் வெளியே வந்தன.

யுகேஷ் கோப்பையைக் கீழே வைத்தான். பதினாலு பக்கத்திலும் தேடியது இதைத்தானே என்று நினைத்தான். போனை எடுத்து, பேசுவது போலக் காதருகில் கொண்டுபோய், பிறகு தாழ்த்திப் பிடித்துப் படமெடுத்தான். முகங்கள் விழாமல் பார்த்துக்கொண்டான். கால்கள் மட்டும். கைகள் மட்டும். பஸ் போன பிறகு, பலகைக்குக் கீழே வரிசையாகக் காத்துக் கிடந்த செருப்புகள்.

இருபத்தாறு விநாடி. ஞாயிறு இருந்து அதை வெட்டி ஒட்டி, “நாங்க நடந்து வந்த வழி எங்களுக்குத் தெரியும்” என்று ஒரு வரியை எழுதி, கடையின் பெயரைக் கடைசியில் போட்டு ஏற்றினான்.

நாலு நாளில் எண்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். “இது என் கதை” என்று கட்டாரிலிருந்து ஒருவர் எழுதினார். “என் செருப்பு இன்னும் அந்தப் பலகைக்குக் கீழதான் கிடக்கு” என்று கொழும்பில் புடவைக்கடையில் வேலை செய்யும் ஒருவர் எழுதினார். அடுத்த நாட்களில் கடையில் கூட்டம். வந்தவர்கள் வீடியோவைக் காட்டி, “இது நீங்கதானே போட்டது?” என்று கேட்டார்கள். ஹாஜியார் போனைத் தூரத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது தரம் பார்த்தபோது கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

“மகன், நீங்க கெட்டிக்காரன். மாசக் கடசியில கடிதத்த டைப் பண்ணச் செல்லுறேன். இதுட ரெண்டாம் பாகத்தையும் எடுத்துருங்க. அந்தப் பிள்ளைகள்ற முகத்தோட. கடைக்குக் கூட்டிக்கொண்டு வாங்க, ஆளுக்கொரு சோடி நான் தாறேன்.”

“இனிமே நான் ஒங்கள அங்கிள் எண்டு கூப்புட மாட்டேன்” என்றாள் றம்லத். “சேர் எண்டே கூப்புடுறேன். ஒரு மாசத்துக்கு.”

அன்று பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கடிதம் வந்ததும் அம்மாவை மலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசித்தபடி போனான்.

வீட்டில் அம்மா அடுப்படியிலிருந்தே கத்தினாள். “தம்பி! மலையில எல்லாரும் போன்ல பாத்துட்டாங்கடா. கங்காணி வந்து, சீதா, ஒன் மகன் எடுத்ததான்னு கேக்குறாரு. நம்ம சஞ்சீ கால நான் பாத்த ஒடனேயே கண்டுபுடிச்சிட்டேன்!”

சஞ்சீவனி வாசலில் குந்தி, பழைய பல்துலக்கும் பிரஷால் தன் வெள்ளைச் சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது சப்பாத்தின் முனையில் எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. அதை மறைக்க அவள் பேனையால் சின்னதாக ஒரு சூரியகாந்திப்பூ வரைந்திருந்தாள். இப்போது அந்தப் பூவைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். யுகேஷ் அதைப் பார்த்தான். களைப்பில் அதைப் பற்றி எதுவும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை அவள் எழும்பவில்லை. தலைவலி என்றாள். அடுத்த சனிக்கிழமையும் தலைவலி. பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அன்று கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு யுகேஷ் வீட்டில் நின்றான்.

“சஞ்சீ, என்னா பிரச்சின? டியூஷன்ல யாரும் ஏதும் சொன்னாங்களா?”

அவள் போனை எடுத்து வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து அவன் மடியில் போட்டாள். அவனுடைய வீடியோ. சூரியகாந்தி தெரியும் இடத்தில் நிறுத்தி, யாரோ வட்டம் போட்டிருந்தார்கள். “சஞ்சீ, இது ஒன்ட சப்பாத்து தானே? வீடு பேராதனைன்னு சொன்னியே?” கீழே சிரிப்பு முகங்கள். அதற்கும் கீழே ஒருத்தி, “அச்சோ பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு வாறா” என்று எழுதி அழும் முகம் போட்டிருந்தாள்.

“சிரிச்சவங்கள விட்றலாம்” என்றாள் சஞ்சீவனி. “பாவம்னு எழுதினா பாரு, அவ பக்கத்துலதான் நான் ரெண்டு வருஷமா ஒக்காந்திருக்கேன். இனி எப்பிடி ஒக்கார்றது?”

“முகம் தெரியலயே சஞ்சீ. நான் பாத்துத்தான எடுத்தேன்.”

“சப்பாத்து விக்கிற ஆளு நீ. ஆளத் தெரிஞ்சுக்க முகம் வேணுமா?”

அவன் போனைத் திருப்பி அவளிடம் நீட்டினான். “இதுல வெக்கப்பட என்னா இருக்கு?” என்றான். சொன்ன பிறகு, மேடையில் பேசும் ஆட்களின் குரல் தனக்கு வந்திருப்பதாக அவனுக்கே பட்டது.

“வெக்கம்னு யாரு சொன்னா? நான் கேம்பஸ் கெடச்ச பொறகு சொல்லலாம்னு இருந்தேன். இல்லாட்டி நாளைக்கே சொல்லியிருப்பேன். இல்ல, சொல்லாமயே விட்டிருப்பேன். அது என்னோடது. நீ முந்திக்கிட்ட.”

“அது என் கதையுந்தான சஞ்சீ. எட்டு வருஷம் நானும் அந்தச் சந்தியில...”

“என்னா எட்டு வருஷம்? நேத்தும் அங்கதான மாத்துன? அப்ப ஒன் கால எடுத்திருக்கலாமே.”

அடுப்படியில் அம்மாவின் கைச்சத்தம் நின்றது. யுகேஷ் தன் கால்களைப் பார்த்தான். படம் எடுத்த அந்தக் காலையில், பலகையில் முதலில் உட்கார்ந்து காலைக் கழுவியவன் அவன்தான். தன் காலை எடுக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று அவன் யோசிக்கத் தொடங்கியபோது அவளே மறுபடி பேசினாள்.

“கமெண்ட் போட்டவங்களப் பாத்தியா? எல்லாம் ஒன் வயசு. எங்கயோ போய்ச் சேந்தவங்க. அவங்களுக்கு அது பழைய கத. எங்களுக்கு நாளைக்குக் காலையில. எங்க செட்டுல ஒருத்தர்கூட லைக் போடல்ல.”

அவள் சொன்னது அவன் மண்டைக்குள் போய் வேறு ஒரு இடத்தில் விழுந்தது. தன்னையே அருவருப்பாக உணர்ந்தபடிதான் அவன் அடுத்ததைக் கேட்டான். “அப்ப ஒங்க ஆளுங்க ஏன் எங்க கடைக்கு வாறதில்ல?”

சஞ்சீவனி அவனை வெறித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “இப்பவும் ஒனக்கு அதுதான் வேணும்.” சப்பாத்தை எடுத்து வெயிலில் கவிழ்த்து வைத்தாள். “சரி, எழுதிக்க. போன வருஷம் கிளாஸ் பிள்ளைங்க ரெண்டு பேரோட கொழும்பு வீதியில வந்தேன். அவங்களுக்கு ஒங்க கடையில ஒரு செருப்பு புடிச்சிருந்துச்சு. உள்ள போவோம்னாங்க. வாசல்ல ஹாஜியார் ஒக்காந்திருந்தாரு. என்னயக் கண்டதும் அவருக்குத் தெரிஞ்சிரும். கேப்பாரு, ரோட்டுக்கே கேக்கிற மாதிரி, எந்தத் தோட்டம்னு. நான் வயித்த வலிக்குதுன்னு சொல்லி அவங்கள இழுத்துக்கிட்டுப் போயிட்டேன். வேற கடையில வாங்கினோம். அங்க வெல கூட. ஆனா அவன் எங்கிட்ட சைஸ் மட்டுந்தான் கேட்டான்.”

“அவரு கேட்டா என்னாடி?” அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். “எங்கள எவன் கேட்டான்? அந்த மனுசன் கேட்டது எங்களுக்கு எவ்வளவு பெரிசு தெரியுமா?”

“தெரியும்மா. ஒங்களுக்குப் பெரிசு. நான் இல்லேங்கல.”

அம்மா திரும்ப அடுப்படிக்குப் போனாள். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் யுகேஷை இன்னும் களைக்கவைத்தது. ஒன்று பிழையாக இருந்தால் அதைத் திருத்திவிட்டுப் படுத்துவிடலாம்.

திங்கட்கிழமை காலை அவன் வேண்டுமென்றே முந்தி இறங்கினான். சந்தியில் யாரும் இல்லை. சஞ்சீவனியின் படத்தை நீக்கிவிட்டுத் தன் காலைப் படமெடுத்துப் போடலாம், ஹாஜியார் கேட்ட இரண்டாம் பாகமும் ஆகிவிடும், கடிதமும் வரும். ராத்திரி முழுக்க யோசித்து அவன் கண்டுபிடித்த வழி அது. பலகையில் குந்தி, போனைக் கடைச் சுவரில் சாய்த்து வைத்தான். காலில் தண்ணீரை ஊற்றினான். மண் கழன்றது. முகத்தோடு என்றுதானே ஹாஜியார் சொன்னார் என்று போனை நிமிர்த்தினான்.

திரையில் அவன் முகம் தெரிந்தது. டை கட்டிய கழுத்துக்குக் கீழே, முழங்கால் வரை சுருட்டிய காற்சட்டை, சேறு. கம்பஸில் கூடப் படித்தவர்கள் கண்டியிலும் கொழும்பிலும் எத்தனையோ பேர். ஊர் எது என்று கேட்டால் ‘கண்டி’ என்றுதான் நாலு வருடமும் சொல்லியிருந்தான். விடுமுறைக்கு வருகிறோம் என்று அவர்கள் சொன்னபோதெல்லாம் வீட்டில் வேலை நடக்கிறது என்று சொல்லியிருந்தான். வீட்டில் ஒரு வேலையும் நடக்கவில்லை. பட்டமளிப்புக்கு அம்மா வந்தபோது, கூட்டாளிகள் வருமுன் அவளைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனதும் இப்போது ஞாபகம் வந்தது.

போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். பஸ்ஸில் நின்றபடியே, பேராதனை தாண்டும்போது, வீடியோவை அழித்தான். அழிக்கவா என்று போன் ஒரு தடவை கேட்டது. எண்பதாயிரம் என்பது தொண்ணூற்றோராயிரம் ஆகியிருந்தது.

ஹாஜியார் கடைவாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டிருந்தார். யுகேஷ் அவரை மேல்மாடிக்கு வரச்சொன்னான். பெட்டிகளுக்கு நடுவே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கேட்காமல் எடுத்தது, அதில் தங்கை இருந்தது, அவள் வகுப்புக்குப் போகாதது, அழித்தது.

“அழிச்சா? எனக்கிட்ட ஒரு வார்த்த செல்லாம?”

“சொன்னா நீங்க யோசிக்கச் சொல்லுவீங்க. யோசிச்சா எனக்கு அழிக்க ஏலாமப் போயிரும்.”

ஹாஜியார் மூச்சை இழுத்துவிட்டார். “சரி. தங்கச்சிப் பிள்ளைட விசயம். அது வேற. அப்ப ஒங்கடத எடுங்க. நீங்களும் அங்கதானே வாறீங்க?”

“எடுக்கப் பாத்தேன் ஹாஜியார். என்னால ஏலல்ல.”

அதற்குமேல் மறைக்க எதுவும் இல்லாததால் மற்றதையும் சொல்லிவிட்டான். ‘எந்தத் தோட்டம்’ என்ற வாசல் கேள்வியை. சொல்லும்போதே அவர் முகம் சுருங்குவது தெரிந்தது. அவரைப் பார்க்காமல் பெட்டிகளின் மேல் எழுதியிருந்த இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“நான் அன்பாத்தானே கேக்குறேன்?” என்றார் ஹாஜியார். குரல் மெலிந்திருந்தது. “வாப்பாவும் அப்படித்தான் கேட்டாங்க. அந்தக் காலத்துல இந்தத் தெருவுல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, தெரியுமா?”

“தெரியும். எங்கம்மா இன்னமும் அதத்தான் சொல்றாங்க.”

“அப்ப நான் எத விடுறது?”

பதினாலு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. “பெரிய ஆக்கள்ட்டக் கேளுங்க. தனியா வார, கூட்டாளியோட வார பிள்ளைகள்ட்டக் கேக்காதீங்க. அவங்களாச் சொன்னா, பாலம் கட்டிட்டாங்களான்னு கேளுங்க” என்றான். இவ்வளவுதானா என்று அவனுக்கே இருந்தது. ஆறு மாதச் சம்பளத்துக்கு அவன் கண்டுபிடித்துக் கொடுத்தது இது ஒன்றுதான்.

ஹாஜியார் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. மாதக் கடைசியில் ஒரு உறை வந்தது. உள்ளே இருந்தது நிரந்தரக் கடிதம் இல்லை. தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் நீடிக்கப்படுகிறது என்று இருந்தது. றம்லத் எட்டிப் பார்த்தாள்.

“மூணு மாசமா? அப்ப நான் திரும்பவும் அங்கிளெண்டே கூப்புடுறேன். பழகிட்டுது.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “கவலப்படாதீங்க தம்பி. வேணாமெண்டா ஹாஜியார் நீட்டி எழுத மாட்டார். நேரா ஸலாம்தான்.”

அடுத்த வாரம் ஒரு பின்னேரம், தோளில் பையோடு மூன்று பெண்பிள்ளைகள் சிரித்துக்கொண்டு படியேறினார்கள். ஹாஜியார் பழக்கத்தில் கதிரையிலிருந்து பாதி எழுந்து, வாயைத் திறந்து, அப்படியே நின்றார். பிள்ளைகள் அவரைக் கடந்து உள்ளே போனார்கள். அவர் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்து, வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைகள் மடியில் சும்மா கிடந்தன. மாடிப்படியில் நின்று பார்த்த யுகேஷுக்குச் சந்தோஷம் வரவில்லை. பிள்ளைகள் அரைமணித்தியாலம் நின்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, ஒரு சோடி செருப்பு வாங்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் அம்மா கேட்டாள். “கடிதம் வந்துச்சா தம்பி?”

“வரும்மா.”

அவள் மறுநாள் மலைக்குப் போகக் கூடையின் அறுந்த பட்டியைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை சஞ்சீவனி எழும்பிவிட்டாள். இருவரும் ஒன்றாகத்தான் பாதையில் இறங்கினார்கள், பேசிக்கொள்ளவில்லை. சந்தியில் பலகையின் ஒரு பக்கத்தில் அவளும் மறுபக்கத்தில் அவனும் குந்திக் கால் கழுவினார்கள். அவள் சப்பாத்தில் பூ போய்விட்டது. கறை பழையபடி தெரிந்தது. பை மட்டும் மாறியிருந்தது. மஞ்சளுக்குப் பதில் கறுப்பு.

பஸ் வர நேரமானது. அவளே பேசினாள்.

“வியாழக்கிழமையே குரூப்ல போட்டுட்டேன். ஆமா, கலஹாதான், தோட்டந்தான், இனி யாரும் வட்டம் போட்டுக் காட்ட வேணாம்னு.”

“என்னா சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல்ல. பாவம்னவ மட்டும் தனியா மெசேஜ் போட்டா. அவங்க அப்பா தெல்தோட்டையாம். சின்ன வயசுல வந்திருக்காளாம்.” லேஸை இறுக்கினாள். “நல்லதுதான். ஆனா நான் நெனச்ச மாதிரி சொல்லல்ல. மாட்டிக்கிட்டுச் சொன்னேன்.”

அவன் தலையை ஆட்டினான். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தான். வீட்டில் இரண்டு தரம் கேட்டாகிவிட்டது. மூன்றாவது தரம் அவளுக்குத் தொந்தரவாகத்தான் இருக்கும்.

பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது. இருவரும் செருப்புகளைப் பலகைக்குக் கீழே தள்ளினார்கள். அவள் தன்னுடையதைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். ஏறும்போது அவள் முன்னால் போய் ஒரு ஜன்னல் இருக்கையைப் பிடித்தாள். பக்கத்து இருக்கையில் கறுப்புப் பையை வைத்தாள். யுகேஷ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொண்டக்டர் பின்னாலிருந்து சிங்களத்தில் உள்ளே போகச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அவள் பையை எடுக்கவில்லை. அவள் வகுப்பில் தன் ஊரென்று சொல்லியிருந்த பேராதனை வரைக்கும் அவன் நின்றுகொண்டே போனான்.